காலமறிந்த கையெழுத்து

மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் நிர்வாகத்தாருக்கு ஒரு பாராட்டு மடல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2016 ஜூன் 29 அன்று நீங்கள் செய்த காரியத்தை வைது எழுதியவர்கள் ஏராளம். வசைக்கு ஆயுள் குறைவு. கோபம் ஆறினால் அதுவும் ஆறிவிடும். நடந்ததை நடந்தபடி எடுத்து வைத்துப் புகழ்ந்தால் அது கல்வெட்டுப்போல நின்றுவிடும். ஆகவே புகழவே வந்திருக்கிறேன். இந்த மடலில் பொய்ப் புகழ் ஒன்றும் இராது. ஒவ்வொரு பாராட்டுக்கும் பக்கத்தில் நாளும் தொகையும் இருக்கும். படிக்கும்போது எங்காவது குத்தினால், குத்துவது என் சொல் இல்லை, உங்கள் செயல்.

உங்கள் ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்குச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியில் கோல்காப்பாளரை விட்டால் ஓர் அணிக்கு ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். அவர்களில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். மாறி மாறித்தான் இறங்குவார்கள் என்றாலும், சிறந்த தடுப்பாட்டக்காரர் அறுபது நிமிட ஆட்டத்தில் இருபத்தைந்து நிமிடம்வரை பனிமேல் இருப்பார். எதிராளியின் மட்டையிலிருந்து ரப்பர் வட்டைப் பறிப்பவரும் அவர்தான், முதல் பாஸைக் கொடுத்து எதிர்த்தாக்குதலைத் தொடங்கி வைப்பவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் கிடைத்தால் நீண்ட ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ளத்தான் எந்த அணியும் பார்க்கும். ஆனால் தேசிய ஹாக்கி லீகில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2016-17 பருவத்தில் அது 7.3 கோடி அமெரிக்க டாலர். அளந்து வடித்த சோறு. ஓர் இலையில் கூட வைத்தால் இன்னோர் இலையில் குறையும். உங்கள் பந்தியில் அந்தச் சோற்றின் எட்டில் ஒரு பங்கு ஓர் இலைக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இலைக்கு உரியவர் பி.கே. சுபான்.

ஆங்கில எழுத்தைப் பார்த்தால் நமக்குச் ‘சுப்பன்’ என்றே படிக்க வரும். நம்மவர் இல்லை. தந்தை ஜமைக்காவிலிருந்தும் தாய் மான்செராட் தீவிலிருந்தும் கனடாவுக்கு வந்தவர்கள். தந்தை சிறுவனாக வந்து இறங்கியது சட்பரி என்ற சுரங்க நகரம். அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர் கனேடியன்ஸ் ரசிகரானார். பிறகு டொரான்டோவில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தார். அவர் மகனை நீங்கள், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2007 தேர்வில், 43-ஆவது ஆளாக எடுத்தீர்கள். தந்தை சிறுவயதில் நெஞ்சில் வைத்திருந்த சட்டையை மகன் உடம்பில் போட்டுக்கொண்டார். நாற்பத்திரண்டு பேர் தாண்டியும் மிச்சமிருந்த மாணிக்கத்தைக் கண்ட உங்கள் கண்ணைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

அடுத்து உங்கள் சிக்கனம். கதவடைப்பால் சுருங்கிப்போன 2012-13 பருவம் ஜனவரியில்தான் தொடங்கியது. சுபானின் முதல் ஒப்பந்தம் அதற்குள் முடிந்திருந்தது. நீண்ட ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் கேட்டார். இளைஞன், இன்னும் தன்னை நிரூபிக்கட்டும் என்றீர்கள். சில ஆட்டங்களை அவர் வெளியே இருந்து கழித்த பிறகு, ஜனவரி இறுதியில் இரண்டே ஆண்டுக்கு, மொத்தம் 57.5 லட்சம் டாலருக்கு முடித்தீர்கள். அவரும் நிரூபித்தார். அதே பருவத்தில் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வாங்கினார். இத்தனை சல்லிசாக ஒரு நாரிஸ் கோப்பையைப் பெற்ற நிர்வாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2014 கோடையில் அந்த இரண்டு ஆண்டும் முடிந்தன. அதற்கு முந்திய மே மாதம் பாஸ்டனுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில், இரண்டாவது கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் சுபான். அன்றிரவு அவருடைய நிறத்தைச் சொல்லிச் சமூக ஊடகத்தில் கொட்டப்பட்ட அழுக்கு கொஞ்சமில்லை. அதைப் பாஸ்டன் அணியின் தலையிலோ அந்த ஊரின் தலையிலோ கட்டாமல் கண்ணியமாகப் பேசியவரும் அவரே. அந்தத் தொடரை ஏழாவது ஆட்டத்தில் நீங்கள் வென்றீர்கள். அந்த மனிதரோடு சம்பளம் பேச நீங்கள் போன இடம் நடுவர் மன்றம். அவர் தரப்பு 85 லட்சம் கேட்டது. நீங்கள் 52.5 லட்சம் என்றீர்கள். நடுவர் முன்னால் ஒரு தரப்பு தன் ஆட்டக்காரரின் குறைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். அது அந்த மன்றத்தின் நடைமுறை. கேட்டார். மறுநாள், ஆகஸ்ட் 2 அன்று, எட்டு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. ஆண்டுக்கு 90 லட்சம். அவர் கேட்டதைவிடவும் கூட. முதல் நாள் குறை, மறுநாள் கேட்டதற்கு மேல். இப்படிக் கொடுக்கும் கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2013 ஜனவரியில் மிச்சம் பிடித்த காசை வட்டியும் முதலுமாக, ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்தீர்கள்.

எட்டு ஆண்டு என்பது லீகின் விதி அப்போது அனுமதித்த உச்ச அளவு. அந்த ஒப்பந்தத்தில் அவர் ஒப்புதல் இல்லாமல் எங்கும் அனுப்பக் கூடாது என்ற இடமாற்றத் தடையும் இருந்தது. அது கையெழுத்திட்ட அன்றே உயிர்பெறவில்லை. 27 வயதோ ஏழு பருவமோ கடந்து, கட்டுப்பாடின்றி வேறு அணிக்குப் போகும் தகுதி வந்த ஆட்டக்காரருக்குத்தான் அந்தக் காப்பு செல்லும் என்பது லீகின் விதி. சுபானுக்கு அந்த நாள் 2016 ஜூலை 1. இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கவில்லை. எட்டு ஆண்டு இங்கேதான் வாழ்வு என்று சொன்னால் நம்பிவிடும் மனிதர். 2015 செப்டம்பரில் மாண்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஏழு ஆண்டில் 1 கோடி கனேடிய டாலர் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். கனடாவில் ஒரு விளையாட்டு வீரர் அதுவரை செய்த அறப்பணி உறுதிகளில் அதுவே பெரியது என்று அப்போது சொன்னார்கள். மருத்துவமனையின் நுழைவுக் கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஏழு ஆண்டு என்ற கணக்கைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் மீதமிருந்ததும் ஏழு ஆண்டு. நீங்கள் கொடுத்த காலம் முழுவதையும் அவர் உங்கள் ஊரின் நோயுற்ற குழந்தைகள் பெயரில் எழுதி வைத்துவிட்டார்.

இனி உங்கள் ஒழுங்குமுறையைச் சொல்ல வேண்டும். 2015-16 பருவத்தை ஒன்பது தொடர் வெற்றிகளோடு தொடங்கினீர்கள். நவம்பர் இறுதியில் கோல்காப்பாளர் கேரி பிரைஸ் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். கதவுக்குத் தாழ்ப்பாள் போன வீடுபோல ஆயிற்று அணி. தோல்விமேல் தோல்வி, கடைசியில் பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுகளுக்கே தகுதி இல்லை. இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்க நீங்கள் வெகுதூரம் அலையவில்லை. பிப்ரவரியில் கொலராடோவில் நடந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சுபான் நீலக்கோட்டருகே தடுமாறி விழுந்து வட்டை இழந்தார். எதிரணி அதைக் கோலாக்கியது. பயிற்சியாளர் அவரை உட்கார வைத்தார். ஆட்டம் முடிந்ததும் தோல்விக்குக் காரணம் அவர்தான் என்று பத்திரிகையாளர் முன்னாலேயே சொன்னார். அந்தப் பருவத்தில் 68 ஆட்டங்களில் 51 புள்ளி எடுத்த ஆள். மார்ச்சில் கழுத்தில் அடிபட்டுத் தூக்குப் படுக்கையில் களத்தைவிட்டுப் போன ஆள். அரசனும் ஆண்டியும் ஒன்று என்பார்கள். நீங்கள் ஒரு படி மேலே போய் அரசனுக்கே தண்டனை என்று காட்டினீர்கள். நடுநிலை தவறாத நிர்வாகம்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அந்த மாதம்தான்.

வள்ளுவர் காலமறிதலுக்கென்றே பத்துக் குறள் ஒதுக்கினார். அதைப் படித்தவர்கள் நம்மில் லட்சக்கணக்கில் உண்டு. படிக்காமலே கடைப்பிடித்தவர்கள் நீங்கள். சுபானின் ஒப்பந்தத்தில் இடமாற்றத் தடை உயிர்பெற வேண்டிய நாள் ஜூலை 1. நீங்கள் அவரை நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணிக்கு மாற்றிய நாள் ஜூன் 29. நடுவில் இருந்தது ஒரே ஒரு முழு நாள், ஜூன் 30. எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு கழிந்திருந்தது. அந்த இரண்டு ஆண்டில் ஏதாவதொரு நாள் அவரைக் கூப்பிட்டு, “தம்பி, நமக்குள் ஒத்துவரவில்லை. எந்த ஊர் உனக்குச் சரிப்படும், சேர்ந்தே பார்ப்போம்” என்று உட்கார்ந்து பேசியிருக்கலாம். அதற்கு ஒரு மனிதன் போதும். நீங்கள் நாட்காட்டியோடு பேசினீர்கள். கதவு சாத்தும் நேரம் பார்த்து, சாத்துவதற்குள் ஆளை வெளியே நிறுத்திய அந்தக் கணக்கு எள்ளளவும் பிசகவில்லை. விதி எதையும் மீறவில்லை. எழுதிக் கொடுத்த ஒரு வரியையும் நீங்கள் உடைக்கவில்லை. அந்த வரி உயிரோடு எழுந்து நிற்கவே இல்லையே, உடைப்பதற்கு.

பதிலாக வந்தவர் நாஷ்விலின் அணித் தலைவர் ஷே வெபர். ஆளுக்கு ஆள், நேருக்கு நேர். வெபருக்கு வயது முப்பது, சுபானுக்கு இருபத்தேழு. வெபரின் ஒப்பந்தம் 2026 வரை நீண்டது. சுபானுடையது 2022-இல் முடிவது. இளையவரைக் கொடுத்து மூத்தவரை, குறைந்த காலத்தைக் கொடுத்து நீண்ட காலத்தை வாங்கினீர்கள். வயதுக்கு மரியாதை தருவதில் எங்கள் ஊர்க்காரர்களே உங்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது தெரியுமா? ஒரு மருத்துவர் தன் கைக்காசைப் போட்டு மாண்ட்ரியல் கெஜட் நாளிதழில் முழுப்பக்கம் வாங்கி, சுபானுக்கு நன்றி சொல்லி விளம்பரம் செய்தார். அணி மாறும் ஆட்டக்காரருக்காக ஒரு ரசிகர் இப்படிச் செலவு செய்து நான் கேள்விப்பட்டதில்லை. மறு ஆண்டு மார்ச் 2 அன்று சுபான் நாஷ்வில் சட்டையோடு உங்கள் பெல் சென்டருக்கு வந்தார். பெரிய திரையில் அவருடைய பழைய நாட்கள் ஓடின. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எதிரணிப் பெஞ்சுப் பக்கம் நின்றிருந்த அந்த முரட்டு உருவம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓர் ஊர் தன் பிள்ளையை எவ்வளவு நேசிக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்கே காட்டிக் கொடுத்தீர்கள். அனுப்பி வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கண்ணீரை அவருக்கு யாரால் தந்திருக்க முடியும்?

ஆட்டக் கணக்கில் நீங்கள் ஏமாந்தீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது நியாயமாகாது. சுபான் போன முதல் ஆண்டிலேயே நாஷ்வில் அதன் வரலாற்றில் முதல்முறையாக ஸ்டான்லி கோப்பையின் இறுதிக்குப் போய்ப் பிட்ஸ்பர்கிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றது. நீங்கள் முதல் சுற்றிலேயே வீடு திரும்பினீர்கள். ஆனால் 2021-இல் வெபர் தலைமையில் நீங்களும் இறுதிக்குப் போனீர்கள். டொரான்டோவிடம் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்த தொடரை மீட்டு, வின்னிபெக்கை நாலு ஆட்டத்தில் துடைத்தெறிந்து, வேகாஸையும் சாய்த்து, கடைசியில் தம்பாவிடம்தான் விழுந்தீர்கள். கால், கணுக்கால், முழங்கால், கட்டைவிரல் என்று உடம்பு முழுக்கச் சிதைந்த நிலையில் வெபர் அந்த ஆட்டங்களை ஆடினார். அதற்குப் பிறகு அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. இருவரும் உயர்ந்த ஆட்டக்காரர்கள்; இருவரும் தாங்கள் போன இடத்துக்கு உண்மையாக உழைத்தார்கள். என் மனத்தாங்கல் கோல் கணக்கைப் பற்றியதே இல்லை.

நாஷ்வில் நிர்வாகத்தாரையும் விட்டுவிட்டால் ஓரவஞ்சனையாகிவிடும். 2012 ஜூலையில் பிலடெல்பியா அணி வெபருக்கு 14 ஆண்டு, 11 கோடி டாலர் என்று வலை வீசியது. முதல் நான்கு ஆண்டும் ஆண்டுக்கு 1.4 கோடி, சிறிய அணியான நாஷ்விலின் கஜானா தாங்காது என்ற கணக்கில் விரித்த வலை அது. நாஷ்விலார் சில நாள் யோசித்து, அதே தொகையைத் தாமும் தருகிறோம் என்று தலைவரைத் தக்கவைத்தார்கள். ஊரே மகிழ்ந்தது. பதினான்கு ஆண்டு உறவு என்றார்கள். பெருந்தொகை கொடுக்க வேண்டிய முதல் நான்கு ஆண்டையும் சொன்ன சொல் தவறாமல் கொடுத்து முடித்தார்கள். நான்காம் ஆண்டு முடிந்த கோடையில் அனுப்பி வைத்தார்கள். கடினமான பகுதியைத் தாமே சுமந்து, எளிதான பகுதியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மை அது.

அவர்கள் சுபானையும் அதே அன்போடு நடத்தினார்கள். 2018-இல் நாரிஸ் கோப்பையின் இறுதி மூவரில் ஒருவராக நின்றவரை, 2019 ஜூனில் நியூ ஜெர்சிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர்களும் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டும் வந்தன. உண்மையில் வந்தது வேறு: உச்சவரம்புக்குக் கீழே 90 லட்சம் டாலர் வெற்றிடம். பத்து நாள்கூட ஆகவில்லை, மாட் டுஷேன் என்ற முன்வரிசை ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு 80 லட்சம் என்று ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். கலம் காலியானதும் கழுவி அடுத்த சமையலுக்கு வைக்கும் சுறுசுறுப்பு.

லீகுக்கும் என் வாழ்த்து சேர வேண்டும். ஆட முடியாத ஆட்டக்காரரையும் கைவிடாத கருணை அதன் விதிகளில் இருக்கிறது. வெபர் ‘ஓய்வு’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், ஆரம்ப ஆண்டுகளில் அள்ளிக் கொடுத்த பணத்துக்கான அபராதம் நாஷ்விலின் உச்சவரம்புக் கணக்கில் விழுந்திருக்கும். அதனால் அவர் ஓய்வுபெறவில்லை. நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்தார். கணக்கில் அவர் சம்பளம் ஆண்டுக்கு 78 லட்சத்துக்கு மேல். கையில் கொடுக்க வேண்டியதோ கடைசி ஆண்டுகளில் 10 லட்சம். காகிதத்தில் கனமும் பணப்பையில் லேசுமான அந்த ஒப்பந்தம், ஓர் அணிக்கு உச்சவரம்பைத் தாண்டும் ஏணியாகவும் இன்னோர் அணிக்கு லீக் விதித்த குறைந்தபட்சச் செலவைத் தொடும் படியாகவும் பயன்பட்டது.

அதனால் அது ஊர் ஊராகப் போயிற்று. 2022-இல் நீங்கள் அதை வேகாஸுக்குக் கொடுத்து எவ்கெனி டடோனோவை வாங்கினீர்கள். அந்த டடோனோவை அதே ஆண்டு மார்ச்சில்தான் வேகாஸ் அனாஹெய்முக்கு அனுப்பப் பார்த்திருந்தது. போகமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் அனாஹெய்ம் இருந்ததால் லீகே அந்த மாற்றத்தை ரத்து செய்தது. 2023-இல் வெபரின் ஒப்பந்தம் அரிசோனாவுக்குப் போயிற்று. அங்கிருந்து யூட்டாவுக்கு, 2025 மார்ச்சில் சிகாகோவுக்கு. இந்த ஊர்களில் எதிலும் அவர் ஒரு நிமிடமும் பனியில் இறங்கவில்லை. 2024 நவம்பரில் அவர் ஹாக்கியின் பெருமைக்கூடத்தில் இடம்பெற்று மேடையேறினார். அன்று ஏடுகளின்படி அவர் யூட்டா அணியின் ஆட்டக்காரர்.

இதற்கு முன்னோடியும் உண்டு. கிறிஸ் புரோங்கர் என்ற பெரும் தடுப்பாட்டக்காரர் கண்ணிலும் தலையிலும் அடிபட்டு ஆட்டத்தை விட்டு, 2014-இல் லீகின் ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு பிலடெல்பியா அவருடைய ஒப்பந்தத்தை அரிசோனாவுக்கு மாற்றியது. அதே ஆண்டு பெருமைக்கூடத்திலும் சேர்ந்தார். வேலை லீகில், சம்பளம் அரிசோனாவில், பெயர் பெருமைக்கூடத்தில். மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் இருக்கும் வரத்தை எங்கள் சித்தர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன்.

மீண்டும் உங்களிடமே வருகிறேன், மாண்ட்ரியல் நிர்வாகத்தாரே. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையைப் பற்றி எங்கள் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுவார்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டினான். ஔவை அதன் பளபளப்பைப் புகழ்ந்தார். பளபளக்கும் ஆயுதம் போருக்குப் போகாத ஆயுதம் என்பது கேட்டவனுக்குப் பிறகுதான் உறைத்தது. உங்கள் அரங்கத்தின் கூரையைப் பற்றி எனக்கும் அதுதான் தோன்றுகிறது. இருபத்து நான்கு ஸ்டான்லி கோப்பைகளின் பதாகைகள் அங்கே தொங்குகின்றன. வேறு எந்த அணியிடமும் அத்தனை இல்லை. கசங்காமல், கறைபடாமல், வரிசை மாறாமல் இருக்கின்றன. கடைசிப் பதாகையில் எழுதியிருக்கும் ஆண்டு 1993.

சுபான் 2022 செப்டம்பரில் முப்பத்து மூன்று வயதில் ஓய்வு அறிவித்தார். நியூ ஜெர்சியில் அவருடைய கால்கள் பழைய வேகத்தில் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகள் விலைக்குத் தகுந்த ஆண்டுகள் அல்ல என்பதை அவரை நேசிப்பவனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே 2022-இல் தலைமைப் பண்புக்கும் பொதுத்தொண்டுக்கும் தரும் கிங் கிளான்சி விருது அவருக்குக் கிடைத்தது. 2023 ஜனவரி 12 அன்று, நாஷ்வில் அணி ஆட வந்த நாளாகப் பார்த்து, உங்கள் அரங்கத்திலேயே அவரைக் கௌரவித்தீர்கள். கூட்டம் கையொலியை நிறுத்தவில்லை. நன்றி மறவாத நல்லோர் நீங்கள். இந்த முறை தேதிக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

புகழ் இத்தோடு போதும். இனி நேராகவே சொல்லிவிடுகிறேன், மனத்தில் உள்ளதை வெளியே வைக்காமல் மடலை மூட முடியவில்லை.

எட்டு ஆண்டு என்று எழுதினால் இரு தரப்புக்கும் எட்டு ஆண்டாக இருக்க வேண்டும். ஆட்டக்காரர் நடுவில் நினைத்தால் வேறு அணிக்குப் போக முடியாது. நிர்வாகம் நினைத்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் அனுப்பிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் இறுகும் முடிச்சுக்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால், நம்பிக் கழுத்தை நீட்டுபவன்தான் பாவம். பணம் கோடிக்கணக்கில் கொடுக்கிறோமே என்பீர்கள். உண்மை. அந்தப் பணத்துக்கு அவர்கள் முழங்காலையும் கட்டைவிரலையும் கழுத்தையும் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் வீடு வாங்குகிறார்கள், ஊரோடு உறவு கொள்கிறார்கள், மருத்துவமனைக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். அதையெல்லாம் உச்சவரம்புக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

லீக் அந்த விதியை மாற்றட்டும். நீண்ட ஒப்பந்தத்தில் இடமாற்றத் தடை எழுதினால் கையெழுத்திட்ட நாளிலிருந்தே அது செல்லட்டும். அதுவரை நிர்வாகங்கள் ஒன்று செய்யலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்டக்காரரை முன்னால் உட்கார வைத்து, காரணத்தைச் சொல்லி, அவர் சொல்வதையும் கேட்டு மாற்றுங்கள். விதி உங்களை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லைதான். கட்டாயம் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்துத்தானே அவரை அளக்கிறோம்.

மாண்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனையை எவரும் சம்பள உச்சவரம்பில் சேர்ப்பதில்லை. நாஷ்விலுக்குப் போன பிறகும் சுபான் அந்த வாக்கு தொடரும் என்று சொன்னார்; சொன்னபடி திரும்பத் திரும்ப அங்கே வந்தார், குழந்தைகளின் கட்டிலருகே உட்கார்ந்தார். அவர் ஏழு ஆண்டு என்று சொன்னபோது, எந்தத் தேதிக்குள் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி அதில் எழுதிக்கொள்ளவில்லை. உங்கள் ஒப்பந்தமும் அந்த ஊரில்தான் எழுதப்பட்டது, அவர் வாக்கும் அந்த ஊரில்தான் கொடுக்கப்பட்டது. இரண்டில் எதைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்று அந்த ஊர்த் தகப்பன்மாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.